அடைபடாத வடிகட்டி

எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் வாயில் பழைய வேட்டித்துணி ஒன்றைக் கட்டிவைப்பது என் தாயாரின் வழக்கம். புதிதாகத் துணி கட்டிய அன்று குடம் விரைவில் நிறையும். நான்கைந்து நாள் சென்றால் நீர் நூலிழைபோல் இறங்கும். குடத்தருகே காத்து நின்று சலித்த சிறுவனாகிய நான், துணியை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பேன். அவர் மறுமொழி கூறாமல் துணியை அவிழ்த்து, அதன் உட்புறத்தில் படிந்த செம்மண்ணைக் காட்டுவார். அந்தத் துணியை நான் மீண்டும் நினைத்துக்கொண்டது பல ஆண்டுகளுக்குப் பின்பு. அதுவும் ஒரு பிக்கப் வண்டியின் டீசல் வடிகட்டியை அறுத்துப் பார்த்த நாளில்.

மாணவ நேயர்களே, டீசல் வடிகட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி, அதை மாற்றுவது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பட்டறைகளில் இதனை ‘டீசல் பில்டர்’ என்றே வழங்குகிறார்கள். உள்ளங்கை இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அடங்கிவிடும் தகரக் குப்பி இது. இதைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இத்தனைக்கும் நான் எந்திரவியல் கற்பிக்கும் ஆசிரியன்.

என் தமையனார் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிப் பாலக்காட்டுக்குக் கொண்டு செல்பவர். கடன் தவணையில் வாங்கிய பிக்கப் வண்டி ஒன்றே அவருக்குத் தொழில். வண்டியின் கையேட்டில் குறித்த தொலைவு ஓடியதும் வடிகட்டியைத் தவறாமல் மாற்றிவிடுவார். ஆனால் அவர் வாங்கியது பாதி விலைக்குக் கிடைத்த, பெயர் தெரியாத வடிகட்டி. “தம்பி, பழைய பில்டரில் மாற்றும் நாள் நெருங்கும்போது மேட்டில் வண்டி இழுக்காது. இது அடைபடுவதே இல்லை. கடைசி நாள்வரை முதல்நாள் போலவே ஓடுகிறது,” என்று அதனைப் புகழ்ந்தார். நானும் அந்தச் சிக்கனத்தை மெச்சினேன். வகுப்பில் வடிகட்டலைப்பற்றி அரைமணி நேரம் பேசக்கூடியவன், ‘அடைபடாத வடிகட்டி அழுக்கை எங்கே வைக்கிறது?’ என்று ஒரு கேள்வி கேட்கத் தவறினேன்.

ஓர் அதிகாலையில், முருங்கையும் தக்காளியும் ஏற்றிய வண்டி, உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே நின்றுவிட்டது. சில நாட்களாகவே காலையில் எஞ்சின் கிளம்பத் தாமதித்தது என்பதைப் பின்னர்தான் சொன்னார். மாற்று வண்டி பிடித்துச் சரக்கை ஏற்றுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. பாலக்காட்டில் தக்காளி பாதிவிலைக்கும் போகவில்லை. அது சிறிய இழப்பு. பட்டறையில் காத்திருந்தது பெரிய இழப்பு.

அங்கே மெக்கானிக், எஞ்சினின் நான்கு உட்செலுத்திகளிலிருந்தும் திரும்பி வழியும் டீசலை நான்கு சிறு புட்டிகளில் பிடித்துக் காட்டினார். உட்செலுத்தி என்பது சிலிண்டருக்குள் டீசலைப் பனிபோல் பீச்சும் உறுப்பு. அதனை ‘இஞ்செக்டர்’ என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். நல்ல நிலையில் இருந்தால் நான்கு புட்டிகளிலும் சிறிதளவே, ஏறக்குறைய ஒரே மட்டத்தில், டீசல் சேரும். எங்கள் புட்டிகளில் இரண்டு விளிம்புவரை நிறைந்திருந்தன. மற்ற இரண்டும் அவற்றுக்கு அதிகம் பின்வாங்கவில்லை. உள்ளே அடைத்து நிறுத்த வேண்டிய டீசல், தேய்ந்துபோன சந்துகளின் வழியே ஒழுகிக்கொண்டிருந்தது. நான்கையும் மாற்ற வேண்டும் என்றார். ஒன்றின் விலைக்கு நல்ல வடிகட்டிகள் பத்துப் பதினைந்து வாங்கலாம். மகளைக் கல்லூரி விடுதியில் சேர்ப்பதற்கென்று தமையனார் ஒதுக்கி வைத்திருந்த தொகை அதற்குச் சென்றது. அவ்வாண்டு முழுவதும் அப்பெண் பேருந்தில் நாள்தோறும் நான்கு மணிநேரம் பயணம் செய்து படித்தாள்.

தூசி இத்தனை கேட்டைச் செய்ய வல்லதா என்று ஐயுறுவோர், எஞ்சினின் உள்ளே நிகழ்வதை அறிய வேண்டும். ருடால்ப் டீசல் என்ற செர்மானியப் பொறியாளர் தம் எஞ்சினைப்பற்றி 1890-களின் தொடக்கத்தில் சிந்தித்தபோது, அதற்கு எரிபொருளாக நிலக்கரித் தூளையும் பயன்படுத்தலாம் என்று கருதினார். ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் அவரது எஞ்சின் வெற்றியுடன் இயங்கியது; அழுத்திய காற்றைக்கொண்டே அதில் எரிபொருளை உள்ளே ஊதினார்கள். 1927-இல் பாஷ் நிறுவனம், காற்றின் துணையின்றி டீசலையே அழுத்திப் பீச்சும் பம்புகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. அதன் பிறகுதான் இந்த எஞ்சின் சாலை வண்டிகளில் எளிதாக அமர்ந்தது. 1997-இல் ‘காமன் ரெயில்’ என்னும் முறை மோட்டார் கார்களில் வந்தது. ஒரே பொதுக்குழாயில் டீசலை ஓயாது உயர் அழுத்தத்தில் நிறுத்திவைத்து, மின்சார ஆணைப்படி வேண்டியபோது வேண்டிய அளவு பீச்சும் முறை அது. தூளையே எரிக்கலாம் என்று தொடங்கிய எஞ்சின், ஏறக்குறைய நூறாண்டில் தூசியின் நிழலுக்கும் அஞ்சும் எஞ்சினாக மாறிவிட்டது!

இந்த முறையில் டீசலின் அழுத்தம் 1600 பார், சில எஞ்சின்களில் 2000 பாருக்கும் மேல். 1600 பார் என்பது, ஒரு விரல் நகத்தின் பரப்பின்மீது 1600 கிலோகிராமுக்குமேல் சுமை வைத்தது போன்றது. என் தமையனாரின் வண்டி ஏற்றும் முழுச் சரக்கும் ஒரு நகத்தின்மேல் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இத்தகைய அழுத்தத்தைக் கசியாமல் நிறுத்த வேண்டுமானால், உள்ளே அசையும் எஃகுத் துண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகமிக நுண்ணியதாக இருக்க வேண்டும். அது ஏறத்தாழ 2 முதல் 4 மைக்ரான் வரை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான். கண்ணின் திறனோ 40 மைக்ரான் அளவில் முடிந்துவிடும். ஆகவே, கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, “பாருங்கள், பளிங்கு போல் இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், அவர் டீசலின் தூய்மையைச் சொல்லவில்லை; தம் கண்ணின் எல்லையைச் சொல்கிறார்.

மிகப் பெரிய துகள் அந்த இடைவெளிக்குள் நுழையாது. மிகச் சிறியது உரசாமல் கடந்துவிடும். இடைவெளியின் அளவை ஒத்த துகளே இரண்டு சுவர்களையும் ஒருங்கே கீறிக்கொண்டு போகும். அதுவன்றி, 1600 பாரில் பாயும் டீசலில் மிதக்கும் மணற்பொடி, வால்வின் இருக்கையைச் சாணை பிடிப்பதுபோல் அரிக்கும். நாளொன்றுக்குத் தேய்வது ஒன்றுமில்லை என்றே தோன்றும். ஆனால் வண்டி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உட்செலுத்தி ஆயிரத்துக்குமேல் பலமுறை திறந்து மூடுகிறது.

இனி, அந்த வடிகட்டிக்கு வருவோம். டீசலை நன்றாக வடித்தபின் அதன் தகரத்தை வாளால் அறுத்துத் திறந்தோம். உள்ளே, விசிறி மடிப்பாக மடித்த தாள் ஒரு வட்டமாகச் சுற்றப்பட்டிருந்தது. இத்தகைய குப்பி வடிகட்டிகளில் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான். விளிம்பைச் சுற்றியுள்ள சிறு துளைகளின் வழியே அழுக்கு டீசல் நுழைந்து, மடிப்புகளை வெளியிலிருந்து உள்ளாக ஊடுருவி, நடுத்துளை வழியே தூயதாக வெளியேறும். மடிப்பதனால், கையகலக் குப்பிக்குள் ஒரு பாய் அளவு பரப்பையும் அடக்கிவிட முடிகிறது. நாங்கள் திறந்ததில் மடிப்புகள் குறைவு; தாள் மெலிது. அதைவிடத் தீயது, தாளின் இரு ஓரங்களும் சந்திக்கும் இடத்தில் பசை விட்டுப்போயிருந்தது. ஓர் அஞ்சலட்டையைச் செருகினேன், தாராளமாக நுழைந்தது. 4 மைக்ரான் துகளைத் தடுக்க வேண்டிய சுவரில் 200 மைக்ரானுக்கும் அகன்ற வாயில்! தாளோ ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. டீசல் தாளின் வழியே போகும் சிரமத்தை மேற்கொள்ளவே இல்லை. தமையனார் புகழ்ந்த அந்த ‘அடைபடாத தன்மை’க்குக் காரணம் இதுதான்.

எஞ்சின் எண்ணெயை வடிகட்டும் வடிகட்டியில், தாள் அடைபட்டால் திறந்துகொள்ளும் ஒரு பக்கவழி இருக்கும். எண்ணெயே இல்லாமல் எஞ்சின் ஓடுவதைக் காட்டிலும் அழுக்கு எண்ணெயுடன் ஓடுவது மேல் என்பது அங்கே நியாயம். டீசல் வடிகட்டியில் பெரும்பாலும் அத்தகைய பக்கவழி வைப்பதில்லை. அழுக்கை அனுப்புவதைவிட வண்டியை நிறுத்திவிடுவதே மேல் என்று அதனைச் செய்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். ஆதலால், நல்ல டீசல் வடிகட்டி தன் காலத்தின் இறுதியில் எஞ்சினின் இழுவையைக் குறைக்கத்தான் செய்யும். நின்ற இடத்தில் எஞ்சின் அமைதியாக ஓடும், ஏனெனில் அப்போது வேண்டிய டீசல் சிறிது. சுமையோடு மேடு ஏறும்போது தவிக்கும். தமையனாரின் பழைய வடிகட்டிகள் காட்டியது அந்த அடையாளத்தையே.

கடையில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? மரையும் உயரமும் பொருந்தினால் போதும் என்பது பரவலான எண்ணம். அது தவறு. ஒரே மரை கொண்ட இரு வடிகட்டிகளின் உள்ளே வெவ்வேறு தாள் இருக்கலாம். வண்டியின் கையேட்டில் உள்ள பாக எண்ணே முதல் சான்று. அட்டைப்பெட்டியில் ‘5 மைக்ரான்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதில் மயங்க வேண்டா. 5 மைக்ரான் துகளில் எத்தனை பங்கைத் தடுக்கும் என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருளில்லை. பாதியைத் தடுப்பதும் 5 மைக்ரான் வடிகட்டிதான். ஏறக்குறைய முழுவதையும் தடுப்பதும் 5 மைக்ரான் வடிகட்டிதான்.

இதனை அளக்க ஆய்வுக்கூடங்களில் ‘பீட்டா’ என்னும் விகிதத்தைக் கையாள்கிறார்கள். உள்ளே சென்ற துகள்களின் எண்ணிக்கையை வெளியே வந்தவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது பீட்டா. 75 துகள் சென்று ஒன்று வெளிவந்தால் பீட்டா 75. அதாவது நூற்றுக்கு 98.7 தடுக்கப்பட்டது. ஆயிரம் சென்று ஒன்று வந்தால் பீட்டா 1000, நூற்றுக்கு 99.9. இரண்டுக்கும் வேற்றுமை நூற்றுக்கு ஒன்றேகால்கூட இல்லையே என்று தேர்வுத்தாள் திருத்தும் மனநிலையில் எண்ணக்கூடாது. உட்செலுத்தியை அடைவது தடுக்கப்பட்ட துகள் அன்று, தப்பிய துகள். ஆயிரத்தில் தப்பியவற்றைக் கணக்கிடுங்கள்: முதலாவதில் 13, இரண்டாவதில் 1. உட்செலுத்திக்கு வேற்றுமை பதின்மூன்று மடங்கு.

அப்படியானால் கிடைப்பதில் மிக நுண்ணிய தாளை வாங்கிவிடலாமா? அதுவும் அன்று. நுண்மை மிகுந்து பரப்பு குறைந்தால், டீசல் போதிய அளவு செல்லாமல் பம்பு பட்டினி கிடக்கும். அந்த எஞ்சின் கேட்கும் அளவு டீசலை விட்டுக்கொண்டே அதற்குரிய துகளைத் தடுப்பதுதான் வேண்டும். எஞ்சினைச் செய்தவர் இந்தக் கணக்கைப் போட்டே பாக எண்ணைக் குறிக்கிறார். போலிச் சரக்கு பற்றி ஒரே வார்த்தை: நம்பகமான கடையும் ரசீதும்தான் வழி; பெட்டியின் வண்ணத்தை யாரும் அச்சடிக்கலாம்.

தூசியைப் போலவே மற்றொரு பகை, நீர். பாதி காலியான தொட்டியில் ஈரக் காற்று நிறைந்திருக்கும். இரவின் குளிர்ச்சியில் அந்த ஈரம் தொட்டியின் சுவரில் வியர்த்து, டீசலைவிடக் கனமானதால் அடியில் சேரும். மாலையிலேயே தொட்டியை நிரப்பி வைப்பவர்கள் இதனை அனுபவத்தால் அறிந்தவர்கள். நீர் எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும்; டீசலே மசகாக இருந்து காக்கும் பரப்புகளில் அந்த மசகை அகற்றிவிடும். நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து, கரிய சளிபோல் வந்து தாளை அடைப்பதும் உண்டு. இதற்காகவே வடிகட்டியின் அடியில் நீர் தேங்க ஒரு கிண்ணமும், அதனைத் திறந்துவிட ஒரு திருகும் உண்டு. பல வண்டிகளில் அக்கிண்ணத்தில் இரண்டு மின்முனைகள் இருக்கும். டீசல் மின்சாரத்தைக் கடத்தாது. தேங்கிய நீர் கடத்தும். நீர் முனைகளைத் தொட்டதும் ஓட்டுநர்முன் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்தி நீரை வடிக்க வேண்டும். வீடுபோய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் பொருந்தாது.

எப்போது மாற்றுவது? கையேட்டில் குறித்த தொலைவில். தூசி மிகுந்த சாலையிலும் பீப்பாய் டீசலிலும் ஓடுவது சற்று முன்னதாக. ஆனால் தூய்மைமீது ஆர்வம் மிகுந்து மாதந்தோறும் மாற்றுவோரும் இருக்கிறார்கள். தாளில் முதலில் படிந்த அழுக்கு, தாளின் துளைகளை இன்னும் நுண்ணியவையாக்கி, புதுத்தாள் விட்டுவிடும் துகளையும் பிடிக்கத் தொடங்கும். மேலும், ஒவ்வொரு முறை மாற்றும்போதும், வேறு காவல் எதுவும் இல்லாத தூய பகுதியைத் திறந்து காற்றுக்குக் காட்டுகிறோம். மாற்றும் அந்தக் கால்மணி நேரமே டீசலுக்கு மிகவும் ஆபத்தான நேரம் என்பது என் கருத்து.

அதனால் வேலையைத் தொடங்குமுன் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, காற்றில் புழுதி பறக்காத, நெருப்பு இல்லாத இடத்தில் வண்டியை வைக்க வேண்டும். வடிகட்டியையும் அதன் தலைப்பகுதியையும் வெளிப்புறமாகத் துடைத்த பின்பே திருக வேண்டும். அடித்திருகைத் திறந்து டீசலை ஒரு பாத்திரத்தில் வடித்துவிட்டு, நீரறியும் முனையின் மின்கம்பியைக் கழற்றி, குப்பியை இடப்பக்கம் திருகினால் வந்துவிடும். வந்ததும் மேலே அண்ணாந்து பாருங்கள். பழைய ரப்பர் வளையம் பல வேளைகளில் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் காணாமல் புது வளையத்தோடு புதியதை ஏற்றினால், இரு வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். துடைப்பதற்கு நூல் உதிராத துணிதான் வேண்டும். பஞ்சுக் கழிவு ஆகாது.

அடுத்து வருவதே பட்டறைகளில் பலர் தவறும் இடம். புது வடிகட்டியைத் தலையில் ஏற்றுமுன், ஒரு டப்பாவிலிருந்து டீசலை அதன் நடுத்துளையில் ஊற்றி நிரப்புவார்கள். காற்று புகாமல் இருந்தால் எஞ்சின் உடனே கிளம்பும் என்பது நோக்கம். பழைய எஞ்சின்களில் இது பெரிய தீங்காகத் தெரிந்ததில்லை. ஆனால் நடுத்துளை தூய டீசல் வெளியேறும் வழி என்று முன்னே கண்டோம் அல்லவா? அதில் ஊற்றும் டப்பா டீசல், தாளைக் காணாமலே பம்புக்கும் உட்செலுத்திக்கும் போய்ச் சேரும். வடிகட்டியை மாற்றிய கையாலேயே வடிகட்டாத டீசலை ஊட்டியதாகும். காமன் ரெயில் எஞ்சினில் வடிகட்டியை உலர்ந்தபடியே ஏற்றுவதுதான் பாதுகாப்பு. புது வளையத்தில் விரலால் சிறிது சுத்தமான டீசலைத் தடவி, வளையம் தலையைத் தொடும்வரை கையால் திருகி, அதன்பின் குப்பியிலோ கையேட்டிலோ சொல்லியபடி அரைச்சுற்று அல்லது முக்கால் சுற்றுத் திருகினால் போதும். சாவி கொண்டு இறுக்கினால் வளையம் நசுங்கும்.

இப்போது உள்ளே காற்றுதான் இருக்கிறது. தலையின்மேல் உள்ள கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். காற்று போகும் திருகு இருந்தால் அதைச் சற்றுத் தளர்த்தி, நுரையின்றி டீசல் வரும்போது மூடிவிட வேண்டும். கைப்பம்பு விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் டீசல் நிரம்பியது என்பது குறிப்பு. மின்பம்பு உள்ள வண்டிகளில் சாவியைத் திருப்பி, கிளப்பாமல், பலமுறை வைத்து எடுத்தால் அதுவே நிரப்பும். கிளப்பும்போது பத்து விநாடிக்குமேல் தொடர்ந்து சுழற்றாமல் இடைவெளி விட வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வது. தமையனாரின் வண்டியில் பம்புதான் தொட்டியிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. வடிகட்டி அந்த உறிஞ்சும் பாதையில் இருக்கிறது. அங்கே இணைப்பு சரியில்லாவிட்டால் டீசல் வெளியே சொட்ட வேண்டும் என்பதில்லை. காற்று உள்ளே நுழையும். தரை உலர்ந்திருக்கும், வண்டி மட்டும் கிளம்பிச் சிறிது தொலைவில் நின்றுவிடும். இதனால் குழம்பி, பம்பையே கழற்றியவர்கள் உண்டு. வளையத்தையும் குழாய் இணைப்பையும் மறுபடி பார்த்தால் போதுமானதாயிருக்கும்.

பழைய டீசல் எஞ்சின்களில் உட்செலுத்தியின் குழாய்த் திருகைத் தளர்த்திக் காற்றை எடுப்பார்கள். அதைப் பார்த்துப் பழகியவர்கள் காமன் ரெயில் எஞ்சின் ஓடும்போது அவ்வாறு செய்யவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாரையாகப் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துத் தசைக்குள் சென்றுவிடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாயிருக்கும், வலியும் முதலில் இராது. ஆயினும் உடனே மருத்துவமனைக்கு விரைந்து அறுவை செய்ய வேண்டிய நிலை அது. கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பதும் இதனால் ஆகாது.

வடித்த பழைய டீசலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல் பட்டறையின் கழிவு எண்ணெய்ப் பீப்பாயில் சேர்க்கிறோம். ஆனால் அதற்குமுன் ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிது ஊற்றி ஓரிரவு வைத்துப் பார்ப்போம். அடியில் நீர் பிரிந்து நின்றால், டீசல் வாங்கும் இடத்தை மாற்ற வேண்டுமா என்று தமையனார் யோசிப்பார். இப்போதெல்லாம் அவர் வீட்டு முற்றத்தில் வடிகட்டி மாற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில், பேருந்தில் படித்துப் பட்டம் பெற்ற அவர் மகளே கைப்பம்பை அழுத்துகிறாள். புதிய குப்பியின்மேல் தேதியையும் வண்டி ஓடிய தொலைவையும் வெள்ளை வண்ணத்தால் எழுதி வைப்பவளும் அவளே. பழையதை நான் வாளால் அறுக்கிறேன். சென்ற முறை அறுத்தபோது ஓரப்பசை விடவில்லை. தாள் விளிம்பிலிருந்து விளிம்புவரை கறுத்திருந்தது.